தீப்பெட்டிப் படத்துக்கு வயது சொல்வது எப்படி?

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஆவணத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடவோலைக் கல்வெட்டுகள் இரண்டும் ஆயிரம் ஆண்டு தாண்டிய ஊர்ச்சபைத் தீர்மானங்கள். முதல் ஏற்பாட்டில் வாரிய உறுப்பினருக்கு வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி, 35 முதல் 70 என்று ஆக்கினார்கள். திருத்தம் நடந்தது இன்றைக்கும் தெரிகிறது என்றால், இரண்டிலும் ஆட்சியாண்டு வெட்டப்பட்டிருப்பதே காரணம்.

ஆனால் அந்தக் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டைச் சொல்லும் இடத்தில் அரசனின் பட்டம் ‘பரகேசரி’ என்றுதான் இருக்கிறது. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. கூடவே வரும் ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழிதான் துப்புக் கொடுத்தது. மதுரையை வென்ற பரகேசரி முதலாம் பராந்தகன். அவன் பட்டமேறியது 907. ஆகவே முதல் கல்வெட்டின் 12-ஆம் ஆட்சியாண்டு 919, இரண்டாவதன் 14-ஆம் ஆட்சியாண்டு 921. அறிஞர்கள் காலம் கணித்த வழி இது.

இதே வழியில் ஒரு சின்னக் காகிதத்துக்கும் வயது கணிக்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நம் பள்ளி விழாக் கண்காட்சிக்கு முன்னாள் மாணவர்கள் கொடுத்த பொருள்களில் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றும் இருக்கிறது. கணக்குப் பாடம் நாலைந்து பக்கத்தோடு நின்றுவிட, மிச்சப் பக்கமெல்லாம் தீப்பெட்டிப் படம். புலி, மயில், தாமரை, ரயில் வண்டி, சாவி என்று ஒட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் படத்திலும் ஆண்டு அச்சாகவில்லை. கண்காட்சியில் பெயர்ச்சீட்டு எழுதி வைக்க வேண்டுமே, என்ன காலம் என்று எழுதுவது?

தீப்பெட்டிப் படமும் சிகரெட் அட்டையும் ஒரு காலத்தில் நம் தெருக்களில் சிறுவர்களின் நாணயம். வட்டம் போட்டு நடுவில் படங்களை அடுக்கி, சில்லால் அடித்து வெளியே தள்ளியவருக்குப் படம் சொந்தம். ஊர்க் கடையில் நிறைய விற்கிற மார்க்குக்கு மதிப்புக் குறைவு. வெளியூர்ப் பயணத்தில் கிடைத்த மார்க்குக்கு மவுசு அதிகம். அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படச்சீட்டுகளைச் சேர்த்ததும் இப்படித்தான். அங்கேயும் அவை சிகரெட் பெட்டிக்குள்ளும் மிட்டாயோடும் இலவசமாக வந்தவை.

அந்தச் சீட்டுகளிலும் பலவற்றில் ஆண்டு கிடையாது. யார் அச்சடித்தது, எந்தக் கம்பெனி வெளியிட்டது, ஒரு வரிசையில் மொத்தம் எத்தனை என்ற எதுவும் தெரியாமல் கிடந்தவற்றை வகைப்படுத்தியவர் ஜெபர்சன் பர்டிக். சைரக்யூஸ் நகரத்துக்காரர், மின்சாதனத் தொழிலாளி, மூட்டுவாதத்தில் கை முடங்கிக்கொண்டே வந்தவர். 1939-இல் அவர் வெளியிட்ட பட்டியலிலிருந்து வளர்ந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடுகளைத்தான் சேகரிப்பாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தன்னிடமிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963-இல் காலமானார். அவர் ‘டி206’ என்று எண்ணிட்ட 1909–11 வரிசையில், முன்பக்கம் ஒரே ஆட்டக்காரர் படம் இருந்தாலும் பின்பக்கம் சிகரெட் விளம்பரம் வேறுபடும். அதன் அடியில் வரித்துறை கொடுத்த தொழிற்சாலை எண்ணும் மாவட்ட எண்ணும் பொடி எழுத்தில் இருக்கும். எங்கே பெட்டியில் போட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்.

நம் தீப்பெட்டிப் படங்களுக்கும் இதே கதை. அரசாங்கம் எதைக் கட்டாயமாக்கியதோ, எதை மாற்றியதோ, அதுதான் வயதைச் சொல்லும்.

முதலில் தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. ஆஸ்திரியாவிலிருந்தும் வந்தன. நம் சந்தைக்காகவே அவர்கள் பெட்டியில் இந்துக் கடவுளரை அச்சிட்டார்கள். ரவிவர்மா ஓவியங்களின் சாயல் அவற்றில் உண்டு. 1922-இல் இறக்குமதித் தீர்வை ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் ஆனதும் உள்நாட்டில் செய்வது கட்டுப்படியானது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதே 1923-இல் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனியும் இந்தியாவிலேயே விம்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையில் மெட்ரோ ஏறுகிறவர்கள் கேட்கும் ‘விம்கோ நகர்’ என்ற பெயர், திருவொற்றியூரில் இருந்த அதன் ஆலையால் வந்தது. விம்கோ இயந்திரத்தை நம்பியது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் கைத்தொழிலாக வளர்ந்தது. வடக்கே குடியாத்தத்திலும் தொழில் வேரூன்றியது. ஏராளமான சிறு ஆலைகள், ஆளுக்கு நாலைந்து மார்க் என்றானபோது, லேபிள் அச்சடிக்கும் வேலையே சிவகாசியில் தனித் தொழிலாகப் பெருகியது.

இனி துப்புகள். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. குச்சி எண்ணிக்கையைப் பொறுத்து வரி என்பதால், பெட்டிக்கு எத்தனை குச்சி என்பது அரசாங்கக் கவலையாகிவிட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியைச் சுற்றி ஒட்டிய பட்டைச் சீட்டைக் கிழித்துத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய பெட்டியில் அந்தச் சீட்டின் துணுக்கு ஒட்டியிருந்தால் அது 1934-க்குப் பிந்தையது.

அடுத்தது விலை. நோட்டில் உள்ள புலிப் படத்தின் மூலையில் ‘6 ந.பை.’ என்றிருக்கிறது. நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. ‘நயா’ என்ற சொல்லை அரசு கைவிட்டது 1964 ஜூன் 1. கையிருப்பு லேபிளைத் தீரும்வரை ஒட்டியிருப்பார்கள் என்று ஓராண்டு கூட்டிக்கொண்டாலும், புலி அந்த எட்டாண்டுச் சொச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. படத்தின் பின்புறம் மரச் சக்கையின் நார் ஒட்டியிருப்பதும் பொருந்துகிறது. அட்டைப் பெட்டியில் நேராக அச்சடிக்கும் வழக்கம் பிறகு வந்தது.

மூன்றாவது முகவரி. தாமரைப் படத்தில் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்றும் ஆறு இலக்கப் பின்கோடும் இருக்கின்றன. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. சிவகாசி ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டத்துக்குப் போனது 1985 மார்ச். அந்தப் பெயரும் 1997-இல் விருதுநகர் ஆனது. ஆகவே தாமரை 1972-க்கும் 1985-க்கும் இடைப்பட்டது. நம் ஊர் ரசீதுகளுக்கும் இந்தக் கணக்குச் செல்லும்: செங்கல்பட்டு மாவட்டம் என்ற பழைய முகவரி போய்க் காஞ்சிபுரம் மாவட்டம் என்று வந்ததும் 1997-இல்தான். ‘மதராஸ் மாநிலம்’ என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தைய அச்சு.

நான்காவது அச்சு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கல்லச்சுப் படத்தில் நிழல் விழும் இடமெல்லாம் கையால் வைத்த புள்ளிகள் கோணல்மாணலாகத் தெரியும். ஆப்செட் படத்தில் புள்ளிகள் வரிசை பிசகாமல் நிற்கும்.

எல்லோரும் முதலில் பார்ப்பது படத்தைத்தான், நம்பக்கூடாததும் அதைத்தான். ஒரு புலி நன்றாக விற்றால், முகத்தை இந்தப் பக்கம் திருப்பிய இன்னொரு புலி அடுத்த ஆலையிலிருந்து வரும். ரவிவர்மா தம் அச்சகத்தைத் தொடங்கியது 1894-இல். அந்தச் சாயலில் லட்சுமியையும் சரஸ்வதியையும் பல பத்தாண்டு கழித்தும் அச்சடித்தார்கள். லட்சுமி படத்தைக் கண்டதும் நூற்றாண்டுப் பழமை என்று சீட்டு எழுதிவிட்டால், அது ‘பரகேசரி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து அரசனைத் தீர்மானித்தது போலாகும். படம் சொல்வதெல்லாம் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்ற ஒரு வரம்பு. பின்வரம்பைச் சொல்ல வரியும் நாணயமும் மாவட்டமும் வேண்டும்.

இவற்றாலும் பிடிபடாதவை நோட்டில் உண்டு. விலையோ முகவரியோ இல்லாத ரயில் வண்டியும் சாவியும் அப்படிப்பட்டவை. அந்த மார்க்கை நடத்திய கம்பெனி எது, எந்த ஆண்டில் இயங்கியது என்று அறிய இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று, இப்போது உங்கள் கையில் இருப்பதைப் போன்ற விழா மலர். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி வெள்ளி விழா மலர், சங்க மாநாட்டு மலர் எதை எடுத்தாலும், கட்டுரைகளைவிட விளம்பரப் பக்கங்கள் அதிகம். கடைப் பெயர், மார்க், தெரு, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். மலரில் ஆண்டும் இருக்கும். தேதியில்லாத லேபிளை, தேதியுள்ள மலரின் விளம்பரத்தோடு ஒப்பிட்டால் வேலை பாதி முடிந்தது.

ஆகவே கண்காட்சிக் குழுவின் சார்பில் இரண்டு வேண்டுகோள். வீட்டில் பழைய மலர்கள் இருந்தால் விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டு வைக்காதீர்கள். முழுதாகக் கொடுங்கள், படியெடுத்துத் திருப்பித் தருகிறோம். கண்காட்சிக்கு எந்தப் பொருளைக் கொடுத்தாலும் எந்தக் கடையில் வாங்கியது, யார் வைத்திருந்தது, எப்போது வீட்டுக்கு வந்தது என்று பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். லேபிள் மேலேயே எழுத வேண்டாம். புலிக்கும் தாமரைக்கும் பெயர்ச்சீட்டு தயார். ரயில் வண்டிக்கும் சாவிக்கும் ‘காலம்’ என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். தெரிந்தவர்கள் வந்து நிரப்பலாம்.