கூரை கழலும் கார்

பம்பாய் நகருக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு நெடியது. மேற்கிந்திய மோட்டார் சங்கம் 1919ஆம் ஆண்டிலேயே அங்குத் தோன்றிவிட்டது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி சிவ்ரியில் ஒரு தொழிற்சாலையை நிறுவி, கப்பலில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டிச் செவர்லே வண்டிகளை விற்கலாயிற்று. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி குர்லாவில் வளர்ந்து, பிற்காலத்தில் பத்மினி எனப் பெயர் பூண்ட பியட் காரை நகரமெங்கும் ஓடவிட்டது. கறுப்பும் மஞ்சளுமான அந்த டாக்சியில் ஒரு முறையேனும் ஏறாத மாதுங்காத் தமிழர் இரார். 2023 அக்டோபரில் அந்த வகை டாக்சிகளின் காலமும் முடிந்தது.

ஆனால் ஈண்டு நாம் பேசப்புகுவது குர்லாவில் பிறந்த வண்டியைப் பற்றியன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உருவாகி, இரயிலிலும் சாலையிலும் வடக்கே சென்று, இன்றும் மும்பையில் சில வீட்டு வாயில்களில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரே நம் பொருள். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பு நாடிப் புறப்பட்டோர் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்தது போலவே இந்த வண்டியும் வந்து சேர்ந்தது எனலாம்.

இந்தக் காரின் பிறப்பில் ஒரு விந்தை உண்டு. 1950களில் உலகின் பெரிய கம்பெனிகள் பல, அடிச்சட்டம் வேறு உடல் வேறு என்றிராமல், தகட்டாலாகிய ஒரே கூடாகக் காரைச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. நமது அம்பாசிடரும் பியட்டும் அவ்வாறு செய்யப்பட்டவையே. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் அவ்வழியே சென்றிருக்கும். ஆனால் அதற்கு உடற்கூடு செய்து கொடுத்து வந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழுக் கூட்டை வார்த்துத் தருவார் இல்லை. வேறு வழியின்றி ஸ்டாண்டர்டு கம்பெனி பழைய முறைக்கே திரும்பியது. தனியே ஓர் உறுதியான இரும்பு அடிச்சட்டம்; அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் அடித்த தகட்டுப் பகுதிகளைக் கொணர்ந்து போல்ட்டுப் போட்டு முறுக்குவது. இத்தாலியின் தூரின் நகரத்துக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1959இல் அது டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் வெளிவந்தது. அதன் கூரைகூடத் தனித் துண்டுதான். ஆகவே கூரை மடக்கும் திறந்த வண்டியை அடுத்த ஆண்டே, 1960இல், எளிதாகச் செய்துவிட்டனர்.

குறைபாட்டில் விளைந்த இந்த அமைப்பு நம் நாட்டுக்கு நன்கு பொருந்தியது. 1953இல் சுங்கவரிக் குழு ஒரு பரிந்துரை செய்தது. பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்யும் திட்டமுடையோர்க்கு மட்டுமே இனி மோட்டார்த் தொழிலில் இடம் என்பது அதன் சாரம். சிவ்ரித் தொழிற்சாலை மூடப்பட்டது. போர்டு கம்பெனியும் பம்பாயை விட்டுச் சென்றது. 1948இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி நிலைத்து நின்ற சிலவற்றுள் ஒன்று. அது 1961இல் ஹெரால்டைக் கையில் எடுத்தது. பெருங்கூட்டை ஒரே அடியில் அழுத்தும் இராட்சத அச்சு இயந்திரங்கள் இல்லாத நாட்டில், துண்டு துண்டாகப் பூட்டும் கார் ஒரு வரப்பிரசாதம் அன்றோ? 948 கன செண்டிமீட்டர் இயந்திரத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டு வண்டலூர்க் கைகள் அதை ஆண்டுதோறும் மேலும் மேலும் நம் நாட்டுச் சரக்காக்கின. 1960களின் பிற்பகுதியில், வேறெந்த நாட்டிலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் செய்தனர். நம் குடும்பங்களில் பாட்டியும் பேரனும் பின்னிருக்கையில் ஏறுவதற்கு இரண்டு கதவு போதாது என்பதை அங்கிருந்தோர் அறிந்திருந்தனர். 1970களில் கசெல் என்ற பெயரில் ஒரு மாற்றுருவம் வந்தது. அதன்பின் கார்த்தொழில் தளர்ந்து, 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரும் ஓரிரு ஆண்டுகளில் தோற்றது. வண்டலூர் ஓய்ந்தது.

இனி இத்தகைய காரைச் செப்பனிட்டு ஓட்டுவோரின் பாடு. ஹெரால்டின் பானெட், இருபுறத்து மட்கார்டுகளோடு ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேலேயே அமர்ந்து இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம். நடைபாதைப் பட்டறையில் குழியும் தூக்கியும் இல்லாத மெக்கானிக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? இருபத்தைந்து அடி வட்டத்துள் முழுவதும் திரும்பிவிடும் ஆற்றலும் உண்டு. தாராவியின் சந்துகளுக்கென்றே செய்தார்களோ என எண்ணத் தோன்றும்.

பின்பக்கத்தில் குறுக்கே கிடக்கும் பட்டைவில் ஒன்று இரு சக்கரங்களையும் தாங்குகிறது. நம் ஊர் வில்வண்டியைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. ஆயினும் வில்வண்டியில் இல்லாத ஓர் ஆபத்து இதில் உளது. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கும். ஆகவே நிதானமே தேவை. அதனினும் பெரிய ஆபத்து முன் சக்கரத்தில். சக்கரம் திரும்பும் தண்டின் அடியில் மரையிட்ட வெண்கல மூட்டு ஒன்று உண்டு, டிரன்னியன் என்பர். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெயை ஊற்ற வேண்டும். பலர் கிரீஸ் அடைத்துவிட்டு மறந்துவிடுகின்றனர். கிரீஸ் மரையின் உள்ளே சேருவதில்லை. நீர் தங்கித் தண்டு துருவேறி, ஒரு நாள் குழியில் இறங்கும்போது ஒடிந்து, சக்கரம் சாய்ந்துவிடும். பழைய ஹெரால்டை வாங்குவோர் பளபளக்கும் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மும்பையின் மழை தனிப் பகைவன். ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பொழியும் ஊரில், போல்ட்டுப் போட்ட இணைப்புகள் எல்லாம் நீர் புகும் வாயில்கள். மேலே நன்றாகத் தோன்றினும் அடிச்சட்டத்தின் ஓரக் கைகள் உள்ளுக்குள்ளே அரித்துப் போயிருக்கும். டிங்கர் வேலையும் பட்டி பூச்சும் அதை மறைக்குமேயன்றி மாற்றா. தேய்ந்த பாகத்துக்குக் குர்லாவின் பழைய உதிரிச் சந்தையையும் சோர் பஜாரையும் நாட வேண்டும். கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும். இருக்கையும் கித்தான் கூரையும் தைப்பதற்கோ தாராவி அருகிலேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் தோல் பதனிட்டுக் குடியேறிய இடம் அது. பதனிடும் தொழில் பெரும்பாலும் தியோனாருக்குப் பெயர்ந்த பின்னும் தோலும் ரெக்ஸினும் தைக்கும் கைகள் அங்கே குறையவில்லை.

இப்போது கூரைக்கு வருவோம். மூடிய ஹெரால்டின் கூரையைச் சில போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டால், பாரம் முழுவதையும் அடிச்சட்டமே தாங்குவதால், வண்டி தொய்ந்துவிடாது. பியட்டின் கூரையை அறுத்தால் நடு முதுகு வளைந்து கதவு மூடாது. இந்த வசதியால் மூடிய ஹெரால்டைத் திறந்த வண்டியாக்கி மெரைன் டிரைவில் கடற்காற்று வாங்கியோர் உண்டு. அதில் பிழையொன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எடுத்த கூரையைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றோரைக் கண்டால் மனம் பொறுப்பதில்லை.

ஏனெனில் 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனப் புதிய விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டி, பெரிய மாறுதலின்றி மூல உருவில் இருக்குமாயின் அதைத் தனிவகையாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய்; பத்தாண்டு செல்லும். எண்ணில் விஏ என்னும் எழுத்துகள் வரும். அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும், எரிபொருள் நிரப்பவும் செப்பனிடவுமே சாலையில் செலுத்தலாம். அன்றாடம் அலுவலகம் செல்ல இயலாது. 1960களின் ஹெரால்டுகள் யாவும் இன்று அந்த வயதை எட்டிவிட்டன. கூரையைப் பறிகொடுத்தவை மூல உருவில் உள்ளவை என்று எவ்வாறு கூறுவது? மேல்மாடத்தில் கூரையையும் அதன் போல்ட்டுகளையும் பத்திரப்படுத்தியவர் ஒரு நாள் முயன்றால் போதும், வண்டி வண்டலூரில் புறப்பட்ட கோலத்துக்குத் திரும்பிவிடும்.

அந்த வகையில் பதியாமல், தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கொருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பித்து, நினைத்த நாளில் ஓட்டும் வழியும் மும்பையில் உண்டு. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. ஓடாது நிற்கும் காரில் ரப்பர் காய்கிறது, பிரேக்கு இறுகுகிறது. ஆனால் ஓட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செம்பூரை அடுத்த மாகுலில் 1950களில் எழுந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் தந்த பெட்ரோல் வேறு. இன்று பம்பில் கிடைப்பது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் இளக்கும். நீரை ஈர்த்துத் தொட்டியைத் துருவேற்றும். எத்தனால் தாங்கும் குழாய்களை இன்றே மாற்றிவிடுவது நலம். மழைக்காலத்துக்கு வண்டியை நிறுத்துமுன் தொட்டியை வடித்துவிட வேண்டும்.