சாமிக்கும் கஷாயம்: ஸ்ரீரங்கத்து ஆரோக்கியசாலை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். சாமிக்கு உடம்பு முடியாம போகுமா?

ஸ்ரீரங்கத்துல போகும். ராமானுஜர் பத்தி அங்க ஒரு கதை சொல்வாங்க. ஒரு நாள் ரங்கநாதருக்கு நாவல்பழமும் தயிர்சாதமும் அமுது செய்ய வெச்சாங்களாம். பெருமாள் முகம் வாடியிருக்கறதை ராமானுஜர் கவனிச்சார். சாப்பாடு ஒத்துக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டு, கஷாயம் கொடுக்க ஏற்பாடு செஞ்சார்.

பூரி ஜகந்நாதருக்கும் இதே மாதிரிதான். வருஷா வருஷம் ரதயாத்திரைக்கு முன்னாடி 108 குடம் தண்ணில குளிச்சுட்டு, ஜுரம் வந்து படுத்துடுவார். ரெண்டு வாரம் தரிசனம் கிடையாது.

இதெல்லாம் நம்பிக்கை. ஆனா ஸ்ரீரங்கத்துக் கதைக்குப் பக்கத்துலயே ஒரு கல்வெட்டு ஆதாரமும் இருக்கு. 13ஆம் நூற்றாண்டுல, சமயபுரம் பக்கத்துக் கண்ணனூர்ல இருந்து ஹொய்சளர்கள் ஆண்டாங்க. அப்போ ராமநாதன்ங்கிற மன்னர் காலத்துல ஸ்ரீரங்கம் கோயில்ல ஒரு ஆரோக்கியசாலை, அதாவது ஒரு மருத்துவமனை அமைஞ்சது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. அதுக்கும் 200 வருஷம் முன்னாடியே, காஞ்சிபுரம் பக்கத்துல திருமுக்கூடல் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துல 15 படுக்கையோட ஒரு ஆதுலர்சாலை இருந்துச்சு. வைத்தியர், அறுவை செய்யறவர், நோயாளிகளைப் பார்த்துக்கற பெண்கள், மருந்துகளோட பட்டியல் எல்லாம் அங்க கல்லுல இருக்கு.

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். 1323ல டெல்லி சுல்தானியப் படை வந்துச்சு. பெருமாளையே ஊர் ஊரா தூக்கிட்டுப் போய்க் காப்பாத்த வேண்டியதாச்சு. அவர் திரும்பி வந்தது 1371ல. ஆரோக்கியசாலையும் அழிஞ்சு போயிருந்துச்சு. நூறு வருஷத்துக்கும் மேல கழிச்சு, 1493ஆம் வருஷக் கல்வெட்டு ஒண்ணு பேசுது: கருடவாகன பட்டர்ங்கிறவர் அதைப் புதுப்பிச்சு, அங்கேயே தன்வந்திரிப் பெருமாளையும் பிரதிஷ்டை பண்ணார். கஷாயம் சமர்ப்பிக்கவும் ஏற்பாடு இருந்துச்சு. தன்வந்திரி சன்னதி இன்னைக்கும் கோயிலுக்குள்ள இருக்கு.

எனக்கு இது ஏன் முக்கியம்னா, ஆறு வருஷமா எனக்கு மூட்டுவாதம். வேலையில ஒரு பக் வந்தா ஃபிக்ஸ் பண்ணி டிக்கெட்டை மூடிடுவேன். இந்த டிக்கெட் மூடாது. "வேண்டிக்கோ, சரியாயிடும்"னு சொந்தக்காரங்க சொல்லும்போதெல்லாம், சரியாகலைன்னா என் வேண்டுதல்லதான் குறையோன்னு தோணும்.

கருடவாகன பட்டர் மருந்தா, சாமியான்னு கேக்கல. வைத்தியசாலையையும் கட்டினார், அதுக்குள்ள சாமியையும் வெச்சார். கஷாயம் குடிக்கறது பெருமாளுக்கே குறை இல்லைன்னா, எனக்கு மாத்திரை எப்படிக் குறையாகும்?

இன்னொண்ணு. கோயில்ல எந்தப் பூஜையும் ஒரு தடவையோட முடியறதில்ல. நேத்து விளக்கு ஏத்தியாச்சுன்னு இன்னைக்கு யாரும் விடமாட்டாங்க. தினமும் பார்த்துக்கறதுக்குப் பேரே அங்க கைங்கர்யம். காலையில மாத்திரை, பத்து நிமிஷம் விரலை மடக்கி நீட்டுற பயிற்சி, அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்கார்றது. முன்னாடி இதை தண்டனை மாதிரி செஞ்சேன். இப்போ கைங்கர்யம் மாதிரி செய்யறேன். வலி அப்படியேதான் இருக்கு. ஆனா வலி மேல இருந்த கோபம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

உங்க மருந்தை யாருக்காகவும் நிறுத்தாதீங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.