ஜப்பானிய மொழித் தாள் (சீனக் கல்லூரி நுழைவுத் தேர்வு)

சீனாவின் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில், அயல்மொழிப் பாடத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றாக எழுதத்தக்க தாள்களுள் ஒன்று. ஆங்கிலம், ரஷ்யம், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளில் ஒன்றை மாணவர் தேர்ந்துகொள்ளலாம். எம்மொழியாயினும் மதிப்பெண் 150. பெரும்பாலான மாகாணங்களில் இது மொத்தம் 750இல் ஐந்திலொரு பங்கு.

கேட்டறிதல், இலக்கணம், வாசிப்பு, கட்டுரை ஆகியவற்றை இத்தாள் சோதிக்கிறது. ஜப்பானிய எழுத்துமுறையில் சீன எழுத்துகள் கலந்திருப்பதால், பல சொற்களின் பொருளைச் சீன மாணவர் பார்த்தவுடன் ஊகிக்க முடியும். ஆயினும் இரு நாடுகளும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்துகளைத் தனித்தனியே எளிமையாக்கியதால் வடிவங்கள் சில வேறுபடுகின்றன. ஜப்பானியத்தின் உருபுகள், வினைத்திரிபுகள், மரியாதை வழக்கு ஆகியவற்றுக்குச் சீனத்தில் நேரிணை இல்லை. எளிய மொழி என்ற பெயர் தொடக்கநிலைக்கே பொருந்தும்.

இடையில் நிறுத்தப்பட்டிருந்த காவ்காவ் 1977இல் மீண்டும் தொடங்கியது. வடகிழக்குச் சீனாவில், குறிப்பாக யான்பியன் கொரியச் சிறுபான்மையினர் பள்ளிகளில், ஜப்பானியம் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. கொரிய மொழியின் வாக்கிய அமைப்பு அதற்கு நெருக்கமானது. 2010களின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் பின்தங்கிய மாணவர்கள் மேல்நிலை வகுப்பில் ஜப்பானியத்துக்கு மாறும் போக்கு பிற பகுதிகளிலும் பரவியது. அனிமே, மாங்கா ஆர்வமும் இதற்குத் துணையாயிற்று.

சில பல்கலைக்கழகங்கள் குறிப்பிட்ட துறைகளுக்கு ஆங்கிலத் தாளையே கேட்கின்றன. இக்கட்டுப்பாடு அவற்றின் சேர்க்கை விதிகளில் இடம்பெறும். ஆங்கிலம் மட்டுமே பொது அயல்மொழியாகக் கற்பிக்கப்படும் கல்லூரிகளில், ஜப்பானியத்தில் தேறியவர்களும் ஆங்கிலமே படிக்க நேர்கிறது.