ஊட்டச்சத்தும் மனச்சோர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

உணவை நோய்க்குக் காரணமாகவும் மருந்தாகவும் கொள்ளும் மரபு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துப் பத்துப் பாக்களுள் ஆறு, உண்ணும் அளவையும் முறையையுமே பேசுகின்றன. ஆயினும் உணவின் ஒரு கூற்றைத் தனியே பிரித்தெடுத்து, உளநோய் மருந்தோடு துணையாகத் தரும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிற்கு உரியது. சித்த மருத்துவ நூல்கள் கூறும் கிரிகைகளை இன்றைய மனச்சோர்வோடு ஒன்றெனக் கொள்வாரும் உளர். இருவேறு வகைப்பாடுகளை அவ்வாறு சமன்செய்தல் பொருந்தாது.

பெங்களூருவில் 1847இல் மனநோயாளர் காப்பகம் ஒன்று தோன்றியது. 1925இல் அது மனநல மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் அமைக்கப்பெற்றது. 1974இல் இரண்டும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. காப்பகம், மருத்துவமனை, ஆய்வு நிறுவனம் என்னும் இப்பெயர் மாற்றங்கள் மனநோய் பற்றிய கருத்து மாறிவந்ததைக் காட்டுகின்றன.

இக்கருத்து மாற்றத்தில் பெலக்ரா நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ட அமெரிக்கத் தென்மாநில ஏழைகளை இந்நோய் வாட்டியது. தோலையும் குடலையும் தாக்கி, இறுதியில் அறிவையும் குலைத்தமையால் நோயாளர் பலர் மனநோய்க் காப்பகங்களில் அடைக்கப்பெற்றனர். தொற்றுநோய் எனப் பலரும் கருதிய இதனை, 1915இல் மிசிசிப்பிச் சிறைப்பண்ணைக் கைதிகளுக்குக் குறையுணவு கொடுத்து உண்டாக்கிக் காட்டினார் ஜோசப் கோல்ட்பர்கர். குறைந்த சத்து நிகோடினிக் அமிலம் என்பதற்கு 1937இல் கான்ராட் எல்வெகெம் வழிகாட்டினார். இந்தியாவில் தக்காணத்துச் சோளம் உண்போரிடம் இந்நோய் காணப்பட்டது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவுடன் 1960இல் சோளத்திலுள்ள லூசினை இதற்குக் காரணமாக முன்வைத்தார். அக்கருதுகோள் பின்னர் விவாதத்திற்கு உள்ளாயிற்று. குறையுள்ளவர்க்குச் சத்தளித்தால் மனம் தெளியும் என்பதைப் பெலக்ரா ஐயமற நிறுவியது. குறையில்லாதார்க்கும் அது பயன்படும் என்று அது நிறுவவில்லை. பின்னாளைய மிகைக்கூற்றுகள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால் எழுந்தவையே.

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர் 1940களின் நடுவில் அமெரிக்காவில் இதனைத் தொகுத்தாக்கினர். 2000ஆம் ஆண்டில் காப்பன், பெய்லி இருவரும் 127 நோயாளரிடம் ஃபுளூவாக்செட்டின் மருந்தோடு நாள்தோறும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்துத் தந்தனர். பெண்களிடம் பயன் தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. 2014இல் வெளியான வேல்சு நாட்டுப் பெரிய ஆய்வோ 5 மில்லிகிராம் தந்தும் பயன் காணவில்லை. 2019இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், உடல் எடை மிகுந்த 1,025 பேரிடம் பல்சத்து மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை.

துணைமுறைகளை மருந்தோடு ஒப்பிட்டு அளக்கும் நெறியைப் பெங்களூரு முன்னரே கைக்கொண்டது. நிம்ஹான்ஸில் 45 நோயாளரிடம் நிகழ்ந்து 2000இல் வெளியான ஆய்வில் மின்னதிர்வு மருத்துவம் 93, இமிப்பிரமின் 73, சுதர்சனக் கிரியா மூச்சுப்பயிற்சி 67 விழுக்காட்டினர்க்கு நோய்த்தணிவு அளித்தன. ஊட்டச்சத்துகளுக்கும் இத்தகைய ஒப்பீடே வேண்டுவது.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வுற்றோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் மருத்துவம் பெறவில்லை. மருத்துவர் எட்டாத இடத்திலும் கடைப்புட்டி எட்டுகிறது. ‘துணை’ என்பது உடன்வருவது, இடம்பிடிப்பதன்று. பால், முட்டை, இறைச்சி தவிர்ப்போர்க்கும், மெட்பார்மின் நெடுநாள் உண்போர்க்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். அவர்க்குக் குருதியாய்வு முதற்பணி. அக்குறையை அறியாது ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் சோகை மறையும். நரம்புச் சிதைவோ தொடரும். 5-எச்டிபி போன்றவற்றை மனச்சோர்வு மருந்தோடு தாமே சேர்த்துண்பதால் உடலில் செரட்டோனின் அளவு மீறி உயிர்க்கே இடர் நேரவும் கூடும்.