எண்ணெய் குடிக்கிற எஞ்சின்

நாகர்கோவில் பக்கம் ஆர்எக்ஸ் 100 ஓட்டினவங்களுக்குத் தெரியும், 2டி ஆயில் தீந்தா பிஸ்டன் காலி. மாஸ்டாவோட ரோட்டரி கார்களும் அந்த ரகம்தான். ஆயிலையும் சேத்து எரிக்கும். எரிச்சாத்தான் நல்லது, பாத்துக்கிடுங்க :-)

உள்ள பிஸ்டனே கிடையாது. ஒரு முக்கோண ரோட்டர் சுத்தும், மூணு முனையிலயும் சீல். அந்த சீலுக்குத்தான் ஆயில். ஜெர்மனியில ஃபெலிக்ஸ் வாங்கெலோட யோசனை 1957-ல எஞ்சினா ஓடிச்சு. என்.எஸ்.யு. கம்பெனி 1967-ல ஆர்ஓ 80 காரை விட்டுச்சு. சீல் தேஞ்சு தேஞ்சு, வாரண்டியில எஞ்சின் மாத்திக் குடுத்தே நொடிஞ்சு, 1969-ல ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போச்சு. ஜப்பான்லயும் அதே தலைவலி. உள்சுவர்ல விழுந்த கீறலுக்கு 'பேய் நகம்'னே பேர் வச்சாங்க. கெனிச்சி யாமமோட்டோ குழு கார்பன்-அலுமினியம் சீல் செஞ்ச பிறகுதான் 1967-ல காஸ்மோ வந்தது.

2012-ல நின்னுபோன ஆர்எக்ஸ்-8ஐ லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓட்டுறவங்களுக்கு இன்னைக்கும் அதே சண்டைதான். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை உருவிப் பாக்கணும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி உடனே அணைக்கப்படாது. உள்ள பெட்ரோல் தேங்கி மறுபடி கிளம்பாது. ரோட்டரோட மூணு முகத்துக்கும் தனித்தனியா கம்ப்ரஷன் பாக்கணும். அடுத்தடுத்த ரெண்டு முகத்துல குறைஞ்சா, நடுவுல இருக்க முனை சீல் போச்சு. எஞ்சினைப் பிரிச்சே ஆகணும் மக்கா.