கருமாற்ற நாள் தேர்வு

சோதனைக்குழாய் முறையில், கருவுற்ற மூன்றாம் நாளில் கரு ஆறு முதல் எட்டு செல்களாக இருக்கும். ஐந்தாம் நாளில் நூறு செல்களை நெருங்கி, உள்ளே நீர் நிறைந்த பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். 1978இல் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தது எட்டு செல் கருவிலிருந்துதான். இன்று பல மையங்கள் கருவைக் கருப்பையில் வைக்க ஐந்தாம் நாளையே நாடுகின்றன. ஏறத்தாழ பாதிக் கருக்கள் அதுவரை தாக்குப்பிடிப்பதில்லை. எஞ்சியவற்றில் ஒன்றை மட்டும் வைத்தாலே வாய்ப்பு நன்றாக இருக்கும், இரட்டைக் கர்ப்பத்தின் ஆபத்தும் குறையும். ஆனால் இது ஒரு கருமாற்றத்துக்கான கணக்கு. உறையவைத்த கருக்களையும் சேர்த்துப் பார்த்தால், இறுதியில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் இரு நாள்களுக்கும் இடையே வேறுபாடு உறுதியாகவில்லை. ஆய்வகத்தில் நின்றுபோகும் கரு கருப்பையிலும் நின்றிருக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனாலும் வளர்ப்புத் திரவம் கருப்பை ஆகாது. எனவே ஒன்றிரண்டு கருக்களே கிடைத்த பெண்ணுக்கு, வைக்க ஒன்றுமில்லை என்று ஐந்தாம் நாள் சொல்வதைவிட மூன்றாம் நாளிலேயே வைப்பது நியாயம்.