பழைய பிக்கப்பும் மண்ணெண்ணெய்க் காலமும்

பழைய பிக்கப் ஒன்று கைக்கு வந்ததும் எங்கட நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மச்சான், என்னத்தை மாத்தினால் இது பறக்கும்?" பெரிய கார்புரேட்டரா, அகலமான சைலென்சர் குழாயா, வேற எஞ்சினா எண்டு கதை நீளும். இதற்கு வரலாற்றில் ஏற்கெனவே இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று இங்கிலாந்துத் தொழிற்சாலை தந்தது. மற்றது யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் தந்தது.

முதலாவதுக்கு மொறிஸ் மைனரை எடுப்போம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948 இல் வந்தது. 1953 இல் அதே குடும்பத்தில் வேனும் பிக்கப்பும் சேர்ந்தன. அப்போது எஞ்சின் 803 சிசி. காரின் கணக்கில் 30 குதிரைவலு. 1956 இல் அது 948 சிசி, 37 குதிரைவலு ஆனது. 1962 இல் 1098 சிசி, 48 குதிரைவலு. இந்தக் கடைசி மாற்றத்தோடு முன்சில்லு பிறேக் ட்றம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். ஓட்டம் கூடினால் நிற்பாட்டுற பலமும் கூடவேணும் எண்டது தொழிற்சாலைக்குத் தெரிந்திருந்தது. நாங்கள்தான் அதை மறக்கிறோம்.

இரண்டாவது பதில் எங்கட அம்மா அப்பாக்களின் காலத்தில் கிடைத்தது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கள்ளமாய் வந்த கொஞ்சப் பெற்றோலும் யானை விலை. அப்போதுதான் ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. கார்புரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணுவினம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும்.

பழைய வண்டிகளால் இது முடிந்ததுக்குக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு மிகக் குறைவு. கொம்பிறெஷன் கூடின எஞ்சினில் அது நேரத்துக்கு முந்திப் பற்றி, தட்டுச் சத்தம் போட்டு, பிஸ்ரனை அடிக்கும். குறைந்த கொம்பிறெஷன் உள்ள பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அதைத் தாங்கின. இண்டைக்கு நாங்கள் குறையெண்டு நினைக்கிற அந்தச் சோம்பல்தான் அண்டைக்குச் சனத்தைக் காப்பாற்றியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே சோம்பல் எஞ்சின்தான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. நாவற்குழிப் பக்கம் போற வீதியில் சனம் நெருக்கியடித்து ஊர்ந்தது. அந்த நெரிசலுக்குள் வேகத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. நிண்டால் திரும்ப ஸ்ராட் ஆகவேணும், கொதிக்கக்கூடாது, முன்னால் நடக்கிறவரில் இடிக்காமல் நிக்கவேணும். வண்டியிடம் கேட்கவேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்துக்கு ஒரு விலையும் இருந்தது. முழுதாய் எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாய்க் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் மெலிந்தால் சிலிண்டரும் பெயரிங்கும் தேயும். அதனால் இஞ்சை ஒரு பழைய பிக்கப்பை வாங்கினால், அது அந்த வருசங்களில் எங்கே ஓடியது எண்டு முதலில் கேளுங்கோ. புது உதிரிப்பாகம் வாங்க முதல் நாலு சிலிண்டரின் கொம்பிறெஷனையும் அளந்து பாருங்கோ. தேய்ந்த எஞ்சினுக்குப் பெரிய கார்புரேட்டர் போட்டால் பெற்றோல்தான் கூடக் குடிக்கும்.

எங்கட வரிசை இது: முதலில் பிறேக், ரயர், ஸ்ரியறிங். பிறகு றேடியேற்றரும் தண்ணிக் குழாய்களும். மூன்றாவதாய் பிளக், பொயின்ற், ரைமிங், வால்வு இடைவெளி. இதை ஒழுங்காய்ச் செய்தாலே தொலைந்த வலுவில் ஒரு பங்கு திரும்பி வரும். இவ்வளவும் முடிந்த பிறகு சைலென்சரையும் கார்புரேட்டரையும் பற்றிக் கதைப்போம்.

பறக்கிற ஆசை எங்களுக்கும் இருக்கு. ஆனால் வீட்டு முற்றத்தில் நிற்கிற அந்த வண்டி எத்தனை பேரைச் சுமந்தது எண்டு தெரிந்தபின், முதல் காசு அதன் தேய்மானத்துக்குப் போவதுதான் நியாயம்.